கன்றுக்கு மூண்டு மாதம் பால் விடவேணுமோ?

மல்லாவிப் பட்டி: கலப்பினக் கன்றுக்கு மூண்டு மாதம் பால் விடச் சொல்லுறது வன்னிக்குச் சரிவராது. பால்தான் கைக்காசு. பதினைஞ்சாம் நாளோடை ஒரு காம்பை மட்டும் விட்டு, தவிட்டுக்கஞ்சி, வைக்கல், புல்லு எண்டு பழக்கினால் கன்று தானா வளரும். கூடப் பால் குடிச்சால் கழிச்சல்தான் வரும்.

நெடுங்கேணி நாகு: வளரும் அண்ணை, ஆனா பானை வயிறும் சிலும்பின மயிருமா. அந்த வயசிலை அசைபோடுற இரைப்பை வேலை தொடங்கியிராது. வைக்கல் அதிலை அடைஞ்சு கிடக்கும், சத்தா மாறாது. 25 கிலோ கன்றுக்கு நாளுக்கு இரண்டரை லீற்றர் பால், காலை மாலை பிரிச்சு, உடம்புச் சூட்டிலை குடுக்கவேணும். கழிச்சல் ஆறின பால், ஊத்தை வாளி, நேரம் தவறினது இதுகளாலைதான் கூட வரும். அதுக்கும் முதல் கடும்புப்பால், கன்று போட்ட உடனை சுரக்கிற முதல் பால். இளங்கொடி விழட்டும் எண்டு காத்திருக்காதேங்கோ. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ளை ரண்டு லீற்றர் உள்ளை போகவேணும். ஒரு நாள் கடந்தால் அதிலை இருக்கிற நோயெதிர்ப்பைக் குடல் எடுக்காது.

மல்லாவிப் பட்டி: வாளிப்பால் கதை நாட்டு மாட்டுக்குச் சரிவராது தம்பி. கன்று ஊட்டாட்டி அது பால் சுரக்காது. தவிட்டிலை என்ன பிழை?

நெடுங்கேணி நாகு: ஊட்டுறது நல்லது, நாட்டு மாட்டிலை கன்றை ஊட்ட விடுங்கோ. கறந்து முடிய மடியிலை மிச்சம் இருக்கவேணும், அவ்வளவுதான். தவிட்டிலை பொசுபரசு கூட, கல்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பினால் எலும்பு வலுக்காது. 100 கிலோ கன்றுத்தீனிக் கலவைக்குக் கிலோக் கணக்கிலை சோளம் 45, சோயாப் பிண்ணாக்கு 20, தேங்காய்ப் பிண்ணாக்கு 17, தவிடு 15, கனியுப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் 18 வீதமளவிலை வரும். இரண்டாம் கிழமையிலை ஒரு பிடி வையுங்கோ, மிஞ்சினதை அண்டண்டே மாத்துங்கோ. பக்கத்திலை தண்ணி எப்பவும் வேணும். பால் அசைபோடுற இரைப்பைக்குப் போகாது, நேரா நாலாம் இரைப்பைக்குப் போயிடும். அசைபோடுற இரைப்பையிலை தீனி புளிச்சு அதின்ரை சுவர் வளரத் தண்ணிதான் தேவை. கன்று தொடர்ந்து மூண்டு நாள், நாளுக்கு முக்கால் கிலோ கலவை திண்டால் பாலை நிப்பாட்டலாம். அது மூண்டு மாதத்துக்கு முதலே வரும், உங்கடை காசும் மிஞ்சும்.

மல்லாவிப் பட்டி: சோயா விலைக்கு ஆர் போடுறது? வேலியிலை கிளிறிசீடியா நிக்குது.

முல்லைக் கால்நடை: மூண்டு மாதத்துக்குப் பிறகு கிளிறிசீடியா நல்ல புரதம். இரவு வெட்டி வாடவிட்டு, புல்லோடை கலந்து வையுங்கோ. யூரியாக் கரைசலாலை பதப்படுத்தின வைக்கல் ஆறு மாதத்துக்குள்ளை வேண்டவே வேண்டாம். எருமைக்கன்று வைச்சிருக்கிறவை இதையும் பாருங்கோ: உருண்டைப்புழு தாய்ப்பாலாலை வரும். சாம்பல் நிறக் கழிச்சலைக் கண்டு பாலைக் குறைக்காதேங்கோ. பிறந்து 10 முதல் 16 நாளுக்குள்ளை மிருக வைத்தியரிட்டைக் கேட்டுப் பூச்சிமருந்து குடுங்கோ.