டர்போவை ஐடிலில் விடுவது மூடநம்பிக்கையாம்!

இரும்புக்குதிரை:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் அணைப்பதற்கு முன் இன்ஜினை 2 நிமிடம் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், ஓடவிடுவது சுத்த மூடநம்பிக்கையாம், சாவியைத் திருப்பிவிட்டு இறங்கிப் போகலாமாம். படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 11 வருடமாக 1988 போர்ஷே 944 டர்போ வைத்திருக்கிறேன். 3000 ஆர்பிஎம் வரைக்கும் அது ஒரு சாது, பக்கத்தில் போகிற டீசல் வேன்கூட முந்திக்கொண்டு போகும். அதற்கப்புறம் இருக்கையின் முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது போல ஒரு தள்ளு வரும் பாருங்கள், அந்த ஒன்றுக்காகத்தான் தொட்டாலே உடைகிற வாக்யூம் குழாய், சருகாகிப் போன கனெக்டர், கால் சுற்றுத் திருப்பியதும் தலை முறிந்து கையோடு வருகிற மேனிஃபோல்ட் போல்ட் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன். எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவை உடனே அணை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

நடு_இன்ஜின்:
"ஒருவர்" என்ன ஒருவர், எழுதியது நான்தான் என்று தெரிந்துதானே இந்தத் திரி? என்னுடையது 1991 டொயோட்டா எம்ஆர்2 டர்போ. டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இன்ஜின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் மேலே போகும், அந்த இடத்துக்குக் குளிர்ந்தது வரும், பம்ப்கூட வேண்டாம். உங்கள் 944-இல் அதற்கென்றே தனியாக ஒரு எலக்ட்ரிக் பம்ப் வேறு வைத்திருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டு ஓடுமே, அது எதற்கு என்று 11 வருடத்தில் ஒருநாளாவது யோசித்ததுண்டா? கடைசி இரண்டு கிலோமீட்டர் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கிற காற்றழுத்தம், ஏறாமல் ஓட்டிவந்தால் போதும். 2 நிமிடமெல்லாம் சாமி கும்பிடுகிற கணக்கு.

இரும்புக்குதிரை:
பம்ப் முனகுவது எனக்கும் கேட்கும் தம்பி, காது நன்றாகவே இருக்கிறது. அது ஓட்டுவது தண்ணீரை. எண்ணெயை யார் ஓட்டுவது? இன்ஜின் நின்றால் எண்ணெய் பம்பும் நின்றது. புகை சுழற்றுகிற டர்பைன் சக்கரத்தின் பக்கம் இருக்கிற சூடு அத்தனையும் மெல்ல பேரிங்குக்கு வரும், அங்கே தேங்கி நிற்கிற எண்ணெய் கருகிக் கரியாகும். நான் கழற்றிய டர்போவில் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் வருகிற குழாயின் வாய் ஒரு குண்டூசி நுழைகிற அளவுக்கு அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தினால் கறுப்பாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, பெட்ரோலில் ஒரு ராத்திரி ஊறவைத்தும் கரையவில்லை. ஒரு துண்டை இன்னும் மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.

நடு_இன்ஜின்:
மாத்திரை டப்பா இங்கே வருவது இது நாலாவது தடவை. உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் மலிவான மினரல் ஆயிலை ஊற்றி, வருடக்கணக்கில் மாற்றாமலே ஓட்டினார், அதனால் வந்த கரி என்று போன வருடம் நீங்களே எழுதினீர்கள். இப்போது பழி என் சாவி மேல் வந்துவிட்டதா?

காற்றுக்குளிர்:
உங்கள் இருவருக்கும் தண்ணீராவது இருக்கிறது. என் போர்ஷே 930-இல் (911 டர்போ), 1978, 3.3 லிட்டர், சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்ஜினுக்குக் காற்று, டர்போவுக்கு எண்ணெய், முடிந்தது கதை. நான் ஐடிலில் விடுவேன், யாரையும் கேட்க மாட்டேன். 944-ஐ எல்லாம் போர்ஷே கணக்கில் சேர்க்கலாமா என்கிற பேச்சுக்கு நான் வரவில்லை.

இரும்புக்குதிரை:
வரவில்லை என்று சொல்லிக்கொண்டே நடு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டீர்களே அண்ணே.

காற்றுக்குளிர்:
944-இல் இருப்பது ஆடி (Audi) கம்பெனி இன்ஜின் என்று சொன்னால் கோபம் வருகிறது. சொல்லவில்லை.

இரும்புக்குதிரை:
ஆடி இன்ஜின் வந்தது போர்ஷே 924-இல்! 944-இன் இன்ஜின் போர்ஷே தானே வடிவமைத்தது, போர்ஷே 928-இன் எட்டு சிலிண்டர் வி8-ஐ இரண்டாக வகிர்ந்து ஒரு பக்கத்தை எடுத்த மாதிரி. இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது? 1989 வரைக்கும் நாலே கியரை வைத்து ஒப்பேற்றிவிட்டு, கடைசி வருடத்தில் ஐந்தாவதைக் கண்டுபிடித்த வண்டிக்காரர் எனக்குப் பரம்பரைப் பாடம் எடுக்க வேண்டாம். இதெல்லாம் திசைதிருப்பல். கேள்வி 2 நிமிடம். நீங்களே ஐடிலில் விடுவதாகச் சொல்லிவிட்டீர்கள், ஆக எனக்கு ஒரு ஓட்டு.

நடு_இன்ஜின்:
தானே வடிவமைத்த இன்ஜினில் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு மிட்சுபிஷிக்கு ராயல்டி கட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், தண்ணீரே இல்லாத வண்டியின் ஓட்டு தண்ணீர் உள்ள வண்டிக்குச் செல்லாது.

சும்மா_ஓட்டுபவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "பழைய" என்றால் எந்த வருடம் வரை? "நிறுத்துவது" என்றால் பந்தயத் தடத்தில் பிழிந்துவிட்டு வந்து நிறுத்துவதா, தெருமுனை வரை போய்வந்து நிறுத்துவதா? இந்த இரண்டையும் முதலில் பேசிக்கொண்டால் சண்டை பாதியாகக் குறையும். (என் காரில் டர்போ இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.)

இரும்புக்குதிரை:
டர்போ இல்லாதவர் இந்தத் திரியில் எதற்கு? தூங்கப் போங்கள்.

சரி, நடு_இன்ஜினுக்கு வருகிறேன். டொயோட்டாவின் அந்தக்கால டர்போ வண்டிகளுக்கு வந்த கையேடுகளில் இதற்கென்று ஒரு அட்டவணையே உண்டு. செங்குத்தான மலைப்பாதையில் ஏறிவந்தாலோ பந்தயத் தடத்தில் ஓட்டிவந்தாலோ 2 நிமிடம் ஐடில். நான் சொல்லவில்லை, உங்கள் கம்பெனி சொல்கிறது. இரண்டு. எழுதிப் படியுங்கள்.

நடு_இன்ஜின்:
அதே அட்டவணையின் முதல் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தீர்களா? ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் தேவையில்லை என்று இருக்கிறது. தேவை. இல்லை. இரண்டு சொல். நீங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று 2 நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது எந்த மலையில் ஏறிவந்து?

எண்ணெய்க்கறை:
என் நிஸான் ஆர்32 ஜிடிஆரில் இருந்தது செராமிக் டர்பைன். பூஸ்டைக் கூட்டினேன், சக்கரம் தண்டிலிருந்து பிய்த்துக்கொண்டு எக்ஸாஸ்ட்டுக்குள் போய்விட்டது. 2 நிமிடம் என்ன, 2 மணி நேரம் ஐடிலில் விட்டிருந்தாலும் போயிருக்கும். இவ்வளவு கவலையென்றால் ஒரு டர்போ டைமரை மாட்டிவிடுங்கள், சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் இன்ஜின் ஓடித் தானாக அணையும்.

இரும்புக்குதிரை:
ஆளில்லாத வண்டியை ஓடவிட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. பூஸ்டைக் கூட்டி உடைத்தது உங்கள் கை, அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். டர்போ கார் வைத்திருக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். அந்த 2 நிமிடத்தில் நான் என்ன செய்கிறேன் தெரியுமா? கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பேன். பெல்ட் பக்கம் ஏதாவது சத்தம் மாறியிருக்கிறதா, எங்கேயாவது காற்று கசிகிறதா. போன மழைக்காலத்தில் டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் போகப்போகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சாவியைத் திருப்பிவிட்டு ஓடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது?

நடு_இன்ஜின்:
ஆக, டர்போவுக்காக இல்லை, பெல்ட்டுக்காக! ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

இரும்புக்குதிரை:
எங்கே ஒத்துக்கொண்டேன்? டர்போவுக்காகவும்தான். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னால் வந்து எட்டிப் பார்க்கிற வண்டி, கம்பெனியே பின்னாடி சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியதாகிவிட்டது, அதை ஓட்டுகிறவர் என் வார்த்தையைத் திரிப்பதில் ஆச்சரியமில்லை.

நடு_இன்ஜின்:
இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கிற டிஎம்இ ரிலேயில் ஈயப்பற்று விரிசல் விட்டு நடுரோட்டில் நிற்கிற வண்டிக்காரர் பேசுகிறார். கையுறைப் பெட்டியில் இன்னொரு ரிலேயை வைத்துக்கொண்டுதானே வீட்டைவிட்டே கிளம்புகிறீர்கள்?

இரும்புக்குதிரை:
ஒன்றல்ல, இரண்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் அனுபவம். அதுபோலத்தான் 2 நிமிடமும்.

காற்றுக்குளிர்:
ஆடியில் ரிலே நன்றாக இருக்கும் என்று கேள்வி.

இரும்புக்குதிரை:
அண்ணே, வேண்டாம்.

சும்மா_ஓட்டுபவன்:
இன்னும் தூங்கவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கு யாராவது?

எண்ணெய்க்கறை:
அதை விடுங்கள். இரும்புக்குதிரை சார், டென்ஷனர் கதை எழுதினீர்களே, அன்றைக்கு என்னிடம் சிலிண்டர் அழுத்தம் பார்க்கிற ஒரு கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கிப்போனீர்கள். மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது.

நடு_இன்ஜின்:
கேஜ் ஐடிலில் இருக்கிறது. 2 நிமிடம் பொறுங்கள்.

இரும்புக்குதிரை:
கேஜைப் போன வாரமே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். பொது இடத்தில் கேட்க வேண்டிய விஷயமா இது? நடு_இன்ஜின், நீங்கள் இன்னும் எண்ணெய்க்குப் பதில் சொல்லவில்லை. தண்ணீர் ஓடட்டும், எண்ணெய் யார் ஓட்டுவது? அதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

நடு_இன்ஜின்:
மேலே மூன்றாவது முறையாகப் போட்டிருக்கிறேன், ஏறிப்போய்ப் படியுங்கள். எனக்கு வெளியே வேலை இருக்கிறது. போய், வந்து, உடனே அணைப்பேன்.

எண்ணெய்க்கறை:
துடைத்து வைத்தது சரி, எப்போது தருவீர்கள்?