ஒரு கேள்விக்கு ஐந்து துளித் தண்ணீர்தான் என்றால், இத்தனை எதிர்ப்பு எதற்கு?

தேடலன்:
செயற்கை நுண்ணறிவு தண்ணீரையும் மின்சாரத்தையும் விழுங்குகிறது என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட கணக்கின்படி, அதன் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் ஒரு கேள்விக்கு, இடைநிலை அளவாக, 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும்தான் செலவாகின்றன. ஏறத்தாழ ஐந்து துளி! கணக்கு பொய்யா, அல்லது அச்சம்தான் மிகையா?

அளவுகோல்:
கணக்கு பொய்யன்று, அதில் எவையெல்லாம் விடுபட்டன என்பதே கேள்வி. மாதிரியை, அதாவது விடை தரும் மென்பொருளை, பயிற்றுவிக்க ஆன மின்சாரம், படமும் காணொளியும் உருவாக்க ஆகும் செலவு, மின் உற்பத்தியின்போது ஆவியாகும் தண்ணீர் ஆகியவை அதில் சேரவில்லை. பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், கணினிகளை அடுக்கி இணையச் சேவைகளை இயக்கும் தரவு மையங்கள் உலகெங்கும் சேர்ந்து 2024இல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. 2030இல் இது 945 அளவுக்கு உயரக்கூடும். செயற்கை நுண்ணறிவு இதில் ஒரு பகுதிதான் என்றாலும், இந்த உயர்வுக்கு முதன்மைக் காரணம் அதுவே.

நீர்க்கணக்கர்:
அந்த 415 என்பது உலக நுகர்வில் 1.5 விழுக்காடுதான் என்று சொல்லி ஆறுதல் அடைபவர்கள் உண்டு. சுமை உலகெங்கும் சமமாகப் பரவியிருந்தால் அந்த வாதம் நிற்கும். அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்கே போனது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்னும் சிறு நகரில், 2021இல் ஊரின் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல், அதாவது சுமார் 134 கோடி லிட்டர், கூகுளின் மையங்களுக்குச் சென்றது. (அப்போது சாட்ஜிபிடி வெளிவரவேயில்லை, ஆகவே அதை முழுக்க இன்றைய மாதிரிகளின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.) அந்த எண்ணைக் கேட்ட செய்தித்தாளுக்குத் தராமல் தடுக்க நகர நிர்வாகமே நீதிமன்றம் சென்று, 2022 இறுதியில்தான் இறங்கிவந்தது.

மையங்களின் குளிர்கோபுரங்களில் கணினிகளின் வெப்பத்தைச் சுமந்து ஆவியாகும் தண்ணீர் மீண்டும் குழாய்க்குத் திரும்புவதில்லை. காற்றைக் கொண்டு குளிர்வித்தால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் மின்கட்டணம் ஏறும். வறண்ட பகுதியிலும் நிறுவனங்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பின்னிருக்கை:
வாட்-மணியில் அடங்காத செலவும் உண்டு. சாட்ஜிபிடியின் நச்சுப் பேச்சு வடிகட்டிக்காக, வன்முறையும் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையும் நிறைந்த பத்திகளைப் படித்து வகைப்படுத்திய கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்ததை டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது.

தேடலன்:
அப்படியானால் ஒவ்வொரு மையமும் தன் கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் இயற்ற முடியாதா?

நீர்க்கணக்கர்:
ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கியிருக்கிறது. 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்தேவை கொண்ட தரவு மையங்கள் தம் மின், நீர்ப் பயன்பாட்டை அறிவிக்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வருபவை தொகுத்த எண்களே. தன் ஊர் மையம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கேட்பவருக்கு அதில் விடை இல்லை.