பிரைட்டனில் கிரீன் கட்சியைத் தோற்கடித்தது குப்பையா, கணக்கா?

கெம்ப்டவுன் குமார்
வேறொரு இழையில் ஒருவர், 2023 மே கவுன்சில் தேர்தலில் இங்கிலாந்தின் இந்தக் கடற்கரை ஊரான பிரைட்டன்காரர்கள் நாலு குப்பைப் பைக்காகக் கொள்கையை விற்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன். மறந்தவர்களுக்காக: மொத்தம் 54 இடம். 2019இல் லேபர் 20, கிரீன் 19, கன்சர்வேடிவ் 14. 2023இல் லேபர் 38, கிரீன் 7, கன்சர்வேடிவ் 6, மீதி மூன்றும் சுயேச்சை வகையறா. கவுன்சில் தலைவராக இருந்த கிரீன் கட்சியின் ஃபெலிம் மெக்காஃபர்டியே சொந்த வார்டில் தோற்றார். அதுவரை இருபது வருஷமாக யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத ஊர் இது.

இதில் அநியாயம் எங்கே? 2021 அக்டோபரில் குப்பை லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊர் இருந்த நிலை ஞாபகம் இருக்கிறதா? பொதுத் தொட்டி நிரம்பி, அதைச் சுற்றிப் பை, பைக்கு மேல் பை, கடல்காகம் கொத்திக் கிழித்துக் கோழி எலும்பும் டயப்பரும் நடைபாதை முழுக்க. பருவநிலை நெருக்கடி பற்றித் தீர்மானம் போடலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கவுன்சில் என்றால் முதல் வேலை குப்பை அள்ளுவது.

உப்புக்காற்று
அந்த வரியை எழுதியது நான்தான், இங்கேயே பதில் சொல்கிறேன்.

கிரீன் கட்சி 2020 ஜூலையில் ஆட்சிக்கு வந்தது ஜெயித்து அல்ல. லேபர் பக்கம் கவுன்சிலர்கள் குறைந்துபோய், அவர்களே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 54இல் 20ஐ ஒட்டிய இடத்தை வைத்துக்கொண்டு, அதுவும் கமிட்டி முறையில், எல்லாக் கமிட்டியிலும் மற்ற இரண்டு கட்சிக்காரர்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்க, எதைத் தனியாகச் செய்ய முடியும்? கோவிட் வேறு. பொறுப்பு முழுக்க இவர்களுக்கு, அதிகாரம் மூன்றாகப் பங்கு.

நடைபாதைக் களையையும் கிரீன் தலையில்தான் கட்டினீர்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துவது என்று முடிவானது 2019 நவம்பரில். அப்போது ஆட்சி யாருடையது? லேபர்! எல்லாக் கட்சியும் சேர்ந்து கைதூக்கிய முடிவு. முழங்கால் உயரத்துக்குக் களை வளர்ந்து வயசானவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று புகார் வந்ததும் அது "கிரீன் பைத்தியக்காரத்தனம்" ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் லேபர் அதே மருந்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பெயர் மட்டும் நல்ல பெயர்.

கெம்ப்டவுன் குமார்
நிறுத்துவது என்று முடிவு செய்வது ஒரு நாள் வேலை. நிறுத்திய பிறகு ஆளை விட்டுக் கையால் பிடுங்கவேண்டும் இல்லையா, அந்த ஆளைப் போடவேண்டிய வருஷங்களில் யார் இருந்தார்கள்?

குப்பை வேலைநிறுத்தமும் முதல் தடவை இல்லை. 2013இலும் நடந்தது. அப்போதும் கிரீன்தான்.

உப்புக்காற்று
2013 ஏன் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குப்பை அள்ளும் ஆண்களுக்குக் கூடுதல் படி, கவனிப்பு வேலை பார்க்கும் பெண்களுக்கு அது இல்லை. சம ஊதிய வழக்கு வந்தால் கவுன்சில் திவாலாகும் என்பதால் படிகளை மாற்றி அமைத்தார்கள், சிலருக்குச் சம்பளம் குறைந்தது, வேலைநிறுத்தம் வந்தது. முந்தைய ஆட்சிகள் எல்லாம் தொடப் பயந்து ஒதுக்கிவைத்த விஷயம் அது. பர்மிங்ஹாம் கவுன்சில் அப்படி ஒதுக்கிவைத்து, திவால் நிலைக்குப் போனதை 2023 செப்டம்பரில் பார்த்தோமே.

கணக்குப்பிள்ளை
குப்பையும் களையும் கண்ணில் படும், அதனால் பேசுகிறோம். கண்ணில் படாதது கடன். சரி, அதுவும் 162 மீட்டர் உயரத்துக்குக் கடற்கரையில் நிற்கிறது என்பது வேறு கதை.

ஐ360 என்ற அந்தக் காட்சிக் கோபுரத்துக்குக் கவுன்சில் அரசாங்கக் கடன் வாரியத்திடம் 3.6 கோடி பவுண்டு வாங்கிக் கைமாற்றிக் கொடுத்தது. 2014இல் அதற்குக் கை தூக்கியது கிரீனும் கன்சர்வேடிவும், எதிர்த்தது லேபர். 2016இல் திறந்தார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, தவணை தள்ளித் தள்ளிப் போனது, 2024 கடைசியில் நிறுவனம் திவால். வட்டியோடு சேர்ந்து நின்ற 5.1 கோடி பவுண்டைக் கவுன்சில் எழுதித் தள்ளியது. கோபுரம் விற்றது ஒன்றரை லட்சத்துக்கு! இந்த ஊரில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கக்கூட அந்தக் காசு பத்தாது. வாங்கிய கடனோ 2041 வரை வருஷம் 22 லட்சம் பவுண்டு கட்டவேண்டும். கழிப்பறை மூடுவதா, நூலக நேரத்தைக் குறைப்பதா என்று ஒவ்வொரு பிப்ரவரியும் பட்ஜெட் நேரத்தில் அடித்துக்கொள்கிறீர்களே, அந்தத் துண்டு விழுவதில் இதுவும் ஒரு பங்கு.

ஃபைவ்வேஸ் ராணி
தம்பிமார் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெல்லத்தான் கதைக்கிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து கனகாலம். 2023 பட்ஜெட்டில் பொது மலசலகூடங்களைப் பூட்டப் போகிறோம் என்று கிரீன்காரர் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். வெயில் காலத்தில் லண்டனிலிருந்து ரயில் ரயிலாகச் சனம் வந்து இறங்கும் கடற்கரையில், அறுபது எழுபது வயதுக்காரர் எங்கே போவது? மற்றக் கட்சிகள் திருத்தம் போட்டுச் சிலதைக் காப்பாற்றின. அந்தப் பிரச்சினை கிளம்பி மூன்று மாதத்தில் தேர்தல். என்ன முடிவு வரும் என்று நினைத்தார்கள்?

ஆனால் கொள்கையை விற்றோம் என்பது பிழை. 2024 ஜூலையில் பிரைட்டன் பெவிலியன் தொகுதியில் கிரீன் கட்சியின் ஷான் பெரியைப் பெரிய வித்தியாசத்தில் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது இதே சனம்தானே. கவுன்சிலுக்கு ஒரு புள்ளடி, பாராளுமன்றத்துக்கு வேறு புள்ளடி. ஆட்களுக்கு வித்தியாசம் தெரியும்.

உப்புக்காற்று
அக்கா, 38 என்பது 54இல் 70 சதவீதம். லேபருக்கு விழுந்த வாக்கு அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. வார்டில் முதலில் வருகிற இரண்டு மூன்று பேருக்கு எல்லாம், மிச்சப் பேருக்கு ஒன்றுமில்லை என்ற முறை கொடுத்த பெரும்பான்மை இது. ஸ்காட்லாந்தில் 2007இலிருந்து கவுன்சில் தேர்தலில் வரிசைப்படி எண் போட்டுத்தான் வாக்களிக்கிறார்கள், அங்கே ஒன்றும் வானம் இடிந்துவிடவில்லை.

கெம்ப்டவுன் குமார்
2011இல் இதே முறையில்தான் உங்கள் கட்சி 23 இடம் வாங்கி, நாட்டிலேயே முதல் கிரீன் கவுன்சில் என்று கொண்டாடியது. அன்றைக்கு முறை சரியாக இருந்ததா?

புதுசா வந்தவன்
நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். சசெக்ஸ் பல்கலையில் மேற்படிப்பு, இந்திய பாஸ்போர்ட், மாணவர் விசா. எனக்கு இதில் வோட்டு உண்டா, அல்லது சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

கணக்குப்பிள்ளை
உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு, இங்கே விசாவோடு வசிக்கிறீர்கள், 18 வயசு ஆகிவிட்டது, போதும். இலங்கைக்காரர்களுக்கும் அப்படியே. தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னாடிக்குள் ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். 2023 மேயிலிருந்து வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் கேட்கிறார்கள், உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். பெரியவர்களின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் கார்டு செல்லாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது.

புதுசா வந்தவன்
நன்றி அண்ணா. எனக்கு இன்னொன்று புரியவில்லை. தயிர் டப்பாவைக் குப்பையில் போடு என்று வீட்டுக்காரர் சொல்கிறார், மறுசுழற்சிக்குப் பிளாஸ்டிக் பாட்டில் மட்டும்தானாம். கிரீன் கட்சி ஆண்ட ஊரில் இப்படியா?

உப்புக்காற்று
உங்கள் வீட்டுக்காரர் பழக்கத்தில் சொல்கிறார், இப்போது எதை எல்லாம் எடுக்கிறார்கள் என்று கவுன்சில் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வருஷக்கணக்காகப் பாட்டில் மட்டும் என்று இருந்தது உண்மை. காரணம் 2003இல் கிழக்கு சசெக்ஸோடு சேர்ந்து வியோலியா நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம், 2033 வரை ஓடுகிறது. யார் ஜெயித்து வந்தாலும் அந்தக் காகிதத்துக்குள்தான் நடக்கவேண்டும். குமார் அண்ணா இதையும் மெக்காஃபர்டி கணக்கில் எழுதினாலும் எழுதுவார்.

கெம்ப்டவுன் குமார்
எழுத மாட்டேன். ஆனால் குப்பைத் துறைக்குள் மிரட்டலும் அடாவடியும் பல வருஷமாக நடந்தது என்று 2023 நவம்பரில் தனி விசாரணை அறிக்கை வந்ததே, அதை வெளியே கொண்டுவந்தது லேபர் ஆட்சி. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் திரை விலக்காமல் இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை
அந்த "யாரும்" என்பதில் முன்னாள் லேபர் ஆட்சிகளும் சேர்த்தி. 2024இல் செயின்ட் பீட்டர்ஸ், செயின்ட் பார்தலமியூஸ் என்று இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடியது யார்? பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது நிஜம்தான், வீட்டு வாடகை இந்த விலை விற்றால் குடும்பங்கள் வொர்த்திங்குக்கும் நியூஹேவனுக்கும் போகத்தான் செய்யும். கிரீன் செய்திருந்தால் நீங்கள் அதற்கும் ஒரு இழை தொடங்கியிருப்பீர்கள்.

கெம்ப்டவுன் குமார்
பாதி காலியான பள்ளிக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், நீங்கள்தானே கணக்குப்பிள்ளை?

ஃபைவ்வேஸ் ராணி
புதுத் தம்பிக்கு ஒன்று சொல்ல விட்டுப் போச்சு. சில வார்டில் இரண்டு பேர், சில வார்டில் மூன்று பேர். வாக்குச்சீட்டில் அத்தனை புள்ளடி போடலாம், எல்லாம் ஒரே கட்சிக்குத்தான் போடவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நான் போன முறை ஒன்றைக் கிரீனுக்கும் மிச்சத்தை லேபருக்கும் போட்டேன். இவர்கள் இரண்டு பேரும் என்னோடு சண்டை பிடிக்கட்டும்.