வேலை, தேர்வு, தாத்தாவின் நாட்குறிப்பு: எப்படிச் சமாளிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். பகலில் அலுவலகம், விடியற்காலையில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுப் படிப்பு. தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளில் 40 சதவீத மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் அதற்கான நேரத்தைக் குறைக்க முடியாது. கூடவே தாத்தாவின் நாட்குறிப்புகளை ஸ்கேன் செய்து தட்டச்சு செய்கிறேன். மை மங்கிவிட்டது, சில பக்கங்களின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. அந்தக் கையெழுத்தைப் படித்துச் சொல்ல பெரியம்மா ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் வயதாகிறது. இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

வேலைகளைச் சீட்டில் எழுதிக் கட்டம் கட்டமாக நகர்த்தும் கான்பான் முறைப்படி சுவரில் 'செய்ய வேண்டியவை, செய்பவை, முடிந்தவை' என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். நடுக்கட்டத்தில் இரண்டு சீட்டுக்கு மேல் ஒட்டுவதில்லை. நாட்குறிப்புக்கு இது அருமையாக உதவுகிறது, மாதத்துக்கு ஒரு சீட்டு என்று நகர்ந்துவிடுகிறது. ஆனால் 'இலக்கணம்' என்ற சீட்டு நகரவே மாட்டேன் என்கிறது. பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

இப்படி முடிவு தெரியாத பாடத்தை எவ்வளவு சிறிதாகப் பிரித்து எழுதுவீர்கள்? ஒரு நாளைக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொள்வதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதா? வேலைக்குப் போய்க்கொண்டே படித்துத் தேறியவர்கள் உங்கள் வழியைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.