சோலாரில் 4 பேனல் கூட்ட வேண்டும், எம்சிபி எத்தனை ஆம்ப்? (அவசரம்)

கேஆர்புரத்தான்: வணக்கம். மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் நன்றாக ஓடுகிறது. கூடுதலாக 4 பேனல் வாங்கிவிட்டேன். எம்சிபி (கரன்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் ஸ்விட்ச்), ஒயர் எந்த சைஸ் போடணும்? நாளைக் காலை எலக்ட்ரீஷியன் வருகிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

அல்சூர் அண்ணாச்சி: ஆன்கிரிட்டா (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவதா), பேட்டரி வைத்ததா? பேனல் எத்தனை வாட்? பேனலின் டிசியை வீட்டு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் எது?

மின்னல்: எம்சிபியை விடுங்கள், எர்த்திங்கைப் பாருங்கள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை வருஷம் ஆச்சோ!

அல்சூர் அண்ணாச்சி: அவர் பிரச்சினை என்றே சொல்லவில்லையே, மின்னல்.

கேஆர்புரத்தான்: ஆன்கிரிட்தான், பெஸ்காம் (பெங்களூரு மின் நிறுவனம்) வைத்த, எடுத்ததையும் கொடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர். பழையது 335 வாட், 9 பேனல். புதுசு 540. இப்போது 16 ஆம்ப் எம்சிபி. பேனல் கூடுவதால் 32 போட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

மூத்த ஒயர்மேன்: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. சரி, கேளுங்கள். ஏசி பக்கத்து எம்சிபி இன்வெர்ட்டரைப் பார்த்துப் போடுவது, பேனலைப் பார்த்து அல்ல. 3000 வாட்டை 230 ஆல் வகுங்கள், 13 ஆம்ப். மாடி முழுக்கப் பேனல் அடித்தாலும் அந்த இன்வெர்ட்டர் அதற்கு மேல் தராது. 16 போதும். பழைய ஒயரில் 32 மாட்டினால், ஏதாவது கோளாறு வரும்போது ஒயர் கருகும், எம்சிபி வேடிக்கை பார்க்கும்.

சிக்கல் டிசி பக்கம். 335 வாட் பேனலுக்கு ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (லோடு இல்லாதபோது வரும் வோல்ட்) சுமார் 46; ஒன்பதுக்கு 414. 540க்குச் சுமார் 49.5, நாலுக்கு 198. ஒரே வரிசையில் கோத்தால் 612. டிசம்பர் காலைக் குளிரில் இன்னும் ஏறும். இன்வெர்ட்டர் எவ்வளவு தாங்கும்? ஸ்டிக்கரைப் படிக்காமலா பேனல் வாங்கினீர்கள்?

மின்னல்: நாலையும் தனி வரிசையாக்கிப் பேரலலில் கொடுத்தால்?

மூத்த ஒயர்மேன்: வோல்ட் சமமாக இல்லாமல் 414ஐயும் 198ஐயும் எப்படி ஐயா பேரலல் செய்வது? இரண்டு எம்பிபிடி (பேனல் வரிசையிலிருந்து அதிகபட்ச பவரை எடுக்கும் இன்வெர்ட்டர் உள்ளீடு) இருந்தால் யோசிக்கலாம். டிசி பக்கம் டிசி எம்சிபிதான் போட வேண்டும். ஏசி எம்சிபி அங்கே தீப்பொறியை அணைக்காது.

விவேக்நகர் விஜி: கரன்ட் போனால் நின்றுவிடும் ஆன்கிரிட்டுக்கு இவ்வளவு செலவா? பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்டுக்கு மாறுங்கள்.

அல்சூர் அண்ணாச்சி: அது நிற்பதே லைன்மேன் உயிருக்காக, விஜி. கம்பத்தில் அவர் கை வைத்திருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரன்ட் போனால்?

விவேக்நகர் விஜி: ஹைப்ரிட்டும் அப்போது லைனைத் துண்டித்துவிட்டு வீட்டுக்கு மட்டும்தான் கொடுக்கும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுது, உங்கள் வீட்டில்?

அல்சூர் அண்ணாச்சி: பேட்டரி மாற்றும்போது சொல்லுங்கள், அப்போது பேசுவோம்.

மின்னல்: ஹைப்ரிட்டுக்கும் எர்த்திங் முக்கியம்.

கேஆர்புரத்தான்: ஸ்டிக்கரில் அதிகபட்சம் 550 வோல்ட். எம்பிபிடி ஒன்றுதான். எலக்ட்ரீஷியனை வர வேண்டாம் என்றுவிட்டேன். நன்றி.

மூத்த ஒயர்மேன்: இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். இரண்டு எம்பிபிடி உள்ள 5 கிலோவாட் இன்வெர்ட்டர் பாருங்கள். நாலு பேனலின் 198 வோல்ட் அதன் எம்பிபிடி வரம்புக்குள் வருகிறதா, 540 வாட் பேனலின் சுமார் 14 ஆம்பைத் தாங்குமா என்றும் பாருங்கள். ஏசி பக்கம் 22 ஆம்ப் வரும்; 32 எம்சிபி, 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். பெஸ்காம் அனுமதி வாங்கிய பிறகு மாட்டுங்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசி: அந்த நாலு பேனலை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் சார். பில் இருக்கிறதா?