லாங் பஜார் தேக்சாவா, மின்சார மெஷினா? மெல்பர்னில் முழுத் தானிய பீருக்கு எது வாங்கலாம்

காட்பாடிக்காரன்:
லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். மெல்பர்ன் வீட்டுல இதுவரைக்கும் டின்ல வர்ற மால்ட் (முளைகட்டிக் காயவெச்ச பார்லி) சாறைக் கரைச்சுதான் பீர் போட்டேன். இனிமே மால்ட் பார்லியையே வெந்நீர்ல ஊறவெச்சு, தடவைக்கு 20 லிட்டர் எடுக்கணும்னு ஆசை. வேலூர் லாங் பஜார்ல எவர்சில்வர் அண்டா ஒண்ணு வாங்கி, உள்ள துணிமணி அடைச்சு எடுத்துட்டுப் போகவா? இல்ல அங்கயே ப்ரூஸில்லா மாதிரி 35 லிட்டர் மின்சார மெஷின் வாங்கவா? சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச அங்க லைசென்ஸ் வேணாம். இங்க மதுவிலக்குச் சட்டம் இருக்கு, காய்ச்சப் போறதில்ல.

பாலாற்றங்கரை:
தம்பி, மெஷினே வாங்கு. மாவுச்சத்து சர்க்கரையா மாற 65-68 டிகிரியில ஒரு மணி நேரம் நிக்கணும். 65 பக்கம் நின்னா பீர் இனிப்பில்லாம லேசா வரும். 68ஐத் தாண்டினா கனமா, இனிப்பு மிச்சமா நிக்கும். 80ஐ எட்டினா சர்க்கரையா மாத்துற நொதியே செத்துடும். புதுசா இறங்குறவன் கேஸ் அடுப்புல இதைப் புடிச்சு நிறுத்துறது கஷ்டம். மெஷின் சொன்ன டிகிரியில நிறுத்தும், பம்ப் சாறைச் சுத்திவிடும். நல்லா வந்ததை மறுபடியும் அப்படியே எடுக்கலாம்.

ஆம்பூர் அடுப்பு:
ஒத்துக்க மாட்டேண்ணா. 30 லிட்டர் தண்ணி அவ்ளோ சீக்கிரம் ஆறாது. அடுப்பை அணைச்சு, மூடி, ரெண்டு கம்பளி சுத்தினா ஒரு மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் இறங்கும். பிரியாணிக்கு தம் போடுற கைக்கு இது புதுசில்ல.

ஒரே பாத்திரம், ஒரு துணிப்பை போதும். பையில தானியத்தைப் போட்டு ஊறவெச்சு, தூக்கி வடியவிட்டு, அதே பாத்திரத்துல கொதிக்கவிடலாம். இந்த முறை பரவினதே ஆஸ்திரேலியாவுலேர்ந்துதான். கணக்கு பாருங்க: 5 கிலோ மால்ட், 30 லிட்டர் தண்ணி. தானியம் சேர்ந்தா 33 லிட்டருக்கு மேல ஏறும். தானியம் 4 லிட்டர் குடிக்கும், ஒரு மணி நேரக் கொதியில 3, 4 லிட்டர் ஆவியாகும். மிச்சம் 22, 23 லிட்டர். அதனால 35 லிட்டர் பாத்திரம்னா விளிம்பு வரைக்கும் வந்துடும். 50 எடுங்க.

ஆனா அண்டா வேணாம். கழுத்து சுருங்கினதுல ஈரப்பை வெளிய வராது. வாய் அகலமா, சுவர் நேரா இருக்கிற தேக்சா பாருங்க.

குடியாத்தத்து நெசவு:
பையைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். திரைச்சீலைக்குப் போடுற பாலியஸ்டர் வாயில் துணி எடுங்க, தையல் ரெட்டையா ஓடணும். அடுப்பு எரியும்போது அடியில தொட்டா உருகிடும், உள்ள ஒரு தட்டு போட்டுக்குங்க.

பாலாற்றங்கரை:
தேக்சா வாங்குறதுல ஒரு ஆபத்து இருக்கு. காந்தம் ஒட்டலைன்னா துருவைத் தாங்குற 304 கிரேடு எவர்சில்வர்னு கடையில சொல்வாங்க. 202 கிரேடுலயும் பெரும்பாலும் ஒட்டாது, ஆனா அது துருவுக்கு அவ்ளோ தாங்காது. பில்லுல கிரேடை எழுதி வாங்கு. அடி மெலிசா இருந்தா சர்க்கரைச்சாறு பிடிச்சுக்கும்.

ஆம்பூர் அடுப்பு:
அது சரிதாண்ணா. ஆனா மெஷினுக்கும் குறை உண்டு. அங்க சாதாரண பிளக் பாயிண்ட்ல 2400 வாட்தான் இழுக்கலாம். 67லேர்ந்து கொதி வர அரை மணிக்கு மேல ஆகும். தானியத்தை நைசா உடைச்சா சாறு இறங்காம அடைச்சுக்கும். பையில அந்தத் தொல்லை கம்மி.

சத்துவாச்சாரி மாடிவீடு:
ரெண்டு பேரும் காய்ச்சுறதையே பேசுறீங்க. ருசியைக் கெடுக்கிறது அதுக்கப்புறம்தான். ஏல் ரக பீருக்குப் போடுற ஈஸ்ட் 18-20 டிகிரியில புளிக்கணும். ஜனவரியில மெல்பர்ன் 40ஐத் தொடும் நாள் உண்டு, வேலூர் வெயில் மாதிரியே. அந்தச் சூட்டுல ஈஸ்ட் பழவாசனையும் காரமும் கக்கும். பழைய ஃபிரிட்ஜும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் முதல்ல வாங்குங்க. ஆறவைக்க செம்புச்சுருள்கூட இப்போ வேணாம். கொதிச்ச சாறைக் கெட்டியான எச்டிபிஇ பிளாஸ்டிக் கேன்ல நிரப்பி மூடி, ராத்திரி முழுக்க ஆறவிடுறது அங்க நிறைய பேர் செய்யுறதுதான்.

காட்பாடிக்காரன்:
அப்போ 304 தேக்சா, பை இங்க. ஃபிரிட்ஜ் அங்க. மெஷினை இப்போதைக்கு விட்டுடறேன்.

பாலாற்றங்கரை:
எனக்கு இன்னும் மெஷின்தான் சரின்னு படுது. உன் முடிவு அதுன்னா தெர்மாமீட்டரையாவது நல்லதா வாங்கு. ஐஸ் தண்ணியில 0, கொதிநீர்ல 100 காட்டுதான்னு பார்த்துட்டு மால்ட்டைப் போடு. இங்கேர்ந்து தானியம் எதையும் பெட்டியில வைக்காதே, அங்க ஏர்போர்ட் சோதனை கடுமை.