மழைநீர் நுழையும் இடத்துக்கு ஒரு சொல்: ‘புகுகண்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய மோட்டார் படகுகளைப் பழுதுபார்ப்பதற்கான கையேட்டில் மழைநீர் பற்றிய பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘லீக்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். கசிவு, ஒழுக்கு, ஓட்டை, ஓதம் என்று நான்கு வந்தன. எல்லாருக்கும் நன்றி. நான்கையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தபோதுதான் கேள்வியையே தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். தண்ணீர் படகுக்குள் நுழைகிற இடத்துக்கு ஒன்று, உள்ளே அது சொட்டுகிற இடத்துக்கு ஒன்று.

ஏன் என்பதற்கு என் படகையே சொல்கிறேன். கேபினில் படுக்கைக்கு மேலே, ஜன்னல் ஓரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சுற்றி மூன்று முறை சிலிகான் வைத்தேன். அடுத்த மழைக்கு மறுபடி அதே இடத்தில் சொட்டியது. கடைசியில் உட்கூரை விரிப்பைக் கழற்றியபோது பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஜன்னலிலிருந்து அணியம், அதாவது படகின் முன்முனை, நோக்கிப் போனது. ஒன்றரை மீட்டர் தள்ளி, கூரைமேல் உள்ள கைப்பிடிக் கம்பியின் திருகாணியில் போய் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் திருகாணியில் ஒரு குறையும் தெரியாது. கழற்றியதும் அதன் மரையோடு தேநீர் நிறத்தில் தண்ணீர் ஏறி வந்தது. சுற்றியிருந்த ப்ளைவுட்டை நகத்தால் அழுத்தினால் உள்ளே போனது. நிறுத்தியிருக்கும்போது அணியம் சற்று உயர்ந்து நிற்பதால் தண்ணீர் விரிப்பின் மேலாகவே பின்னோக்கி ஓடி, ஜன்னல் சட்டத்தில் தடுக்கிச் சொட்டியிருக்கிறது.

கையேட்டில் ‘கசிவை அடையுங்கள்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவரும் நான் செய்ததையே செய்வார். சொட்டுகிற இடத்தைத்தான் அடைப்பார்.

இனி வந்த சொற்கள். கசிவு பொதுச்சொல், நன்றாகப் பழகியது. நிகழ்வுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இடத்தைச் சுட்டாது. ஒழுக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ‘வீடு ஒழுகுது’ என்று எல்லாரும் சொல்வதுதானே? மேலிருந்து வருகிற மழைத்தண்ணீர் என்பது அந்த ஒரு வினையிலேயே வந்துவிடுகிறது. அத்தியாயத்தின் தலைப்பு ‘மழை ஒழுக்கு’ என்றே இருக்கட்டும். ஓதம் சுவர் ஈரத்துக்கு அழகான சொல். ஆனால் கடல் அலைக்கும் ஏற்றநீருக்கும் அதே பெயர் இருக்கிறது. படகைப் பற்றிய நூலில் ‘ஓதம்’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போய்விடும். ஓட்டை வேண்டவே வேண்டாம். ‘படகில் ஓட்டை’ என்றாலே மூழ்கப்போகிறது என்றுதான் காதில் விழும். அதோடு, மழைநீர் நுழைகிற இடம் பெரும்பாலும் ஓட்டையாக இருப்பதும் இல்லை. காய்ந்து விட்டுப்போன பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், நுண்புழை ஈர்ப்பே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

என் முன்மொழிவு: நுழையும் இடம் புகுகண், வெளிப்படும் இடம் சொட்டிடம், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடிய வழி நீர்த்தடம்.

ஊற்றுக்கண், மதகின் கண், வலைக்கண், சல்லடைக்கண் என்று நீரும் காற்றும் புகுந்து வரும் சிறு வழிக்கெல்லாம் ‘கண்’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ‘புகுவாய்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். வாய் என்றால் பெரிதாகத் தோன்றுகிறது, மடைவாய் மாதிரி. ‘புகுக்கண்’ என்று க் போட வேண்டாமா என்றும் கேட்டார். வேண்டாம். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. வல்லினம் மிகாது.

சொல் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டிலிருந்து ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

> ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, மற்றவர் வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும், புகுகண் எது என்று தெரியாது. ஒவ்வொரு பொருத்துறுப்பிலும் (கைப்பிடிக் கம்பி, ஜன்னல் சட்டம் போன்றவை) சில நிமிடம் நிறுத்துங்கள். நீர்த்தடம் நீளமாக இருந்தால் சொட்டிடத்துக்கு நீர் வந்துசேர நேரமாகும். அப்படியும் அகப்படவில்லையென்றால் கேபினை மூடி, ஊதுகுழல் விசிறியால் உள்ளே காற்றைச் செலுத்திவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் பூசுங்கள். புகுகண்ணில் குமிழி எழும்.

இதிலே புகுகண், சொட்டிடம் என்று வரும் மூன்று இடத்திலும் ‘கசிவு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், குழம்பிவிடும். குமிழிச் சோதனை காட்டித்தருவது புகுகண்ணை மட்டும்தான்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. நகரும் ஜன்னல்களின் தடத்தில் தண்ணீர் வெளியே போகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றுக்கு வடிகண் என்று சொல்லலாம். தூசும் பாசியும் வடிகண்ணை அடைத்துவிட்டால் தடத்தில் நீர் நிறைந்து உள்விளிம்பைத் தாண்டிக் கொட்டும். அங்கே பசை வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். புகுகண்ணை அடைக்க வேண்டும், வடிகண்ணைத் திறக்க வேண்டும் என்று எழுதும்போது வேலை தானாகவே விளங்குகிறது.

‘மெக்கானிக் லீக் என்றுதானே சொல்வார்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்லட்டும், பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் மழைத்தண்ணீர் சின்ன விஷயமில்லை. 1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 12 சதுர மீட்டர் மேல்தளத்தில் 20 மி.மீ. பெய்தால் 240 லிட்டர், அதாவது 240 கிலோ. அதில் ஒரு சிறு பங்கு தினமும் மரத்துக்குள் இறங்கினாலே போதும். உப்புநீரைவிட நன்னீரில்தான் மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சை எளிதாக வளர்கிறது. இடம் தவறினால் படகே போய்விடும். அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

சரி, ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. பொருத்துறுப்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, துளையின் வாயைச் சற்று அகலச் சரித்து, ப்யூட்டைல் நாடாவை (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திரும்ப முடுக்குகிறோம். ஓரத்தில் மேலாகப் பூசுவதிலிருந்து வேறுபட்டு, உறுப்புக்கு அடியிலேயே பசையை இருத்துகிற இந்த வேலைக்கு ‘பசையிருத்தல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மரக்கலத்தின் பலகை இடுக்கில் நார் திணிப்பதற்குக் ‘கலப்பற்று’ என்ற பழைய சொல் உண்டு. அதை இதற்கும் நீட்டலாமா, அல்லது அது இடுக்கு அடைப்புக்கு மட்டுமே இருக்கட்டுமா? படகுப் பட்டறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் காதுக்கு எது சரியாக ஒலிக்கிறது என்று எழுதுங்கள். அந்த அத்தியாயத்தை அதுவரை மூடாமல் வைத்திருக்கிறேன்.